ரூட் தவிர யாரும் எழுத முடியாத பொதுப் பார்ட்டிஷன்: மவுண்ட் ஆகிறது, ஆனால் "அனுமதி மறுக்கப்பட்டது"

தட்டச்சன் எழுதியது:

லினக்ஸ் ஓடும் ஒரே கணினி, மூன்று பயனர் கணக்குகள். 500 ஜிபி பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பகுதி) ஒன்றை எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்து /எஸ்ஆர்வி/பொது என்ற இடத்தில் மவுண்ட் செய்ய (அந்த ஃபோல்டரில் இணைக்க) வேண்டும். மூவரும் அதில் படிக்க, எழுத, ஒருவர் வைத்த கோப்பை இன்னொருவர் திருத்த முடிய வேண்டும்.

எஃப்எஸ்டேப் கோப்பில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) யூஐடி=1000,யூமாஸ்க்=000 (உரிமையாளர் எண், கழிக்க வேண்டிய அனுமதி) என்று போட்டால் "தவறான கோப்பு முறைமை, தவறான விருப்பம், தவறான சூப்பர்பிளாக்" என்று திட்டுகிறது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு டிஃபால்ட்ஸ் மட்டும் வைத்தால் மவுண்ட் ஆகிறது, ஆனால் ரூட் (நிர்வாகப் பயனர்) மட்டும்தான் எழுத முடிகிறது. மவுண்ட் செய்வதற்கு முன்பே அந்த ஃபோல்டருக்கு 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துப் பார்த்தாயிற்று. மவுண்ட் ஆனதும் பழையபடி 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) ஆகிவிடுகிறது. யூசர்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தும் பயனில்லை.

---

ஊசிமுனை எழுதியது:

சூப்பர்பிளாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். மவுண்ட் கட்டளை காரணம் புரியாதபோதெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் துப்பும். உண்மைக் காரணம் டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) இருக்கும்: யூஐடி என்ற விருப்பம் தெரியாது என்று ஒரு வரி பார்ப்பீர்கள்.

யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் மூன்றும் ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் போன்றவற்றுக்கான விருப்பங்கள். ஃபேட்டில் உரிமையாளர் என்ற தகவலை எழுதி வைக்க இடமே கிடையாது. அதனால் மவுண்ட் செய்யும்போது "எல்லாம் இன்னாருடையது என்று வைத்துக்கொள்" எனச் சொல்ல வேண்டியிருக்கிறது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றிலும் ஒவ்வொரு கோப்பின் ஐநோடிலும் (கோப்பின் விவரக் குறிப்பு) உரிமையாளர் எண், குரூப் எண், அனுமதி பிட்டுகள் எழுதப்பட்டிருக்கும். வட்டிலேயே எழுதியிருப்பதை மவுண்ட் விருப்பம் மாற்றாது.

777 ஏன் மறைந்தது என்றால், நீங்கள் அனுமதி கொடுத்தது ரூட் பார்ட்டிஷனில் இருக்கும் வெற்று ஃபோல்டருக்கு. மவுண்ட் செய்தவுடன் அதன்மேல் புதிய பார்ட்டிஷனின் சொந்த வேர் ஃபோல்டர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கட்டளை அதை ரூட்:ரூட், 755 என்றுதான் உருவாக்கும். எல்எஸ் -எல்டி /எஸ்ஆர்வி/பொது என்று மவுண்ட் செய்த நிலையில் ஒரு முறை, அன்மவுண்ட் செய்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு ஃபோல்டர்கள் தெரியும். ஃபார்மட்டின்போது பிறக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டர் உள்ளே தெரிந்தால் நீங்கள் பார்ப்பது பார்ட்டிஷனை.

யூசர்ஸ் விருப்பத்துக்கும் எழுதும் உரிமைக்கும் சம்பந்தமே இல்லை. சாதாரணப் பயனர் மவுண்ட், அன்மவுண்ட் கட்டளைகளை இயக்கலாம் என்பது மட்டுமே அதன் பொருள். கூடவே நோஎக்ஸெக் (நிரல் இயக்கத் தடை), நோசூயிட், நோடெவ் மூன்றும் தானாக ஒட்டிக்கொள்ளும். பிறகு "ஸ்கிரிப்ட் ஓடவில்லை" என்று இன்னொரு இழை தொடங்க நேரிடும்.

---

வேகவழி எழுதியது:

இவ்வளவு எதற்கு? மவுண்ட் செய்த பிறகு ரூட் உரிமையோடு அனுமதியை மாற்றிவிடுங்கள்: சூடோ சிஎச்மாட் -ஆர் 777 /எஸ்ஆர்வி/பொது. முடிந்தது.

---

மூன்றாம்பிட் எழுதியது:

நாளைக்குள் மறுபடி உடைந்துவிடும் தோழர். அந்தக் கட்டளை இப்போது இருக்கும் கோப்புகளைத்தான் மாற்றும். அடுத்த நிமிடம் ஒரு பயனர் புதிதாக உருவாக்கும் கோப்பு அவருடைய யூமாஸ்க்படி (புதிய கோப்பிலிருந்து கழிக்கப்படும் அனுமதி) 644 ஆகத்தான் பிறக்கும், மற்றவர்களால் திருத்த முடியாது. இதற்கிடையில் படங்கள், பிடிஎஃப்கள் எல்லாம் இயக்கக்கூடிய கோப்புகளாக மாறியிருக்கும். அந்தக் கணினியில் ஓடும் எந்தச் சேவையும், வலைச் சேவையகப் பயனர் உட்பட, எதையும் அழிக்கலாம். லாஸ்ட்+ஃபவுண்ட் கூட 777 ஆகியிருக்கும், அது 700 ஆக இருக்க வேண்டியது.

குரூப் வழிதான் சரி. ஒன்றுக்கும் மேற்பட்ட பயனர் என்ற பிரச்சினைக்கென்றே குரூப் இருக்கிறது. (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். குரூப் பெயரைத் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், குரூப்ஆட் தமிழெழுத்தை ஏற்காது.)

சூடோ குரூப்ஆட் -ஜி 1500 பொது
சூடோ யூசர்மாட் -ஏஜி பொது பயனர்1 (மூவருக்கும் தனித்தனியாக)
சூடோ மவுண்ட் /எஸ்ஆர்வி/பொது
சூடோ சிஎச்ஓன் ரூட்:பொது /எஸ்ஆர்வி/பொது
சூடோ சிஎச்மாட் 2775 /எஸ்ஆர்வி/பொது

இரண்டாவது வரியில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ-வை மறந்தால் அந்தப் பயனர் மற்ற எல்லாத் துணைக் குரூப்பிலிருந்தும் நீக்கப்பட்டு பொது என்ற ஒன்றில் மட்டும் நிற்பார். நிர்வாக உரிமை தரும் சூடோ குரூப்பும் அதில் போய்விடும். கணினியில் ஒரே ஒரு நிர்வாகக் கணக்குதான் என்றால் மீட்பு முறையில் பூட் செய்துதான் திரும்ப வரவேண்டும். பயமாக இருந்தால் ஜிபாஸ்வேர்ட் -ஏ பயனர்1 பொது என்று போடுங்கள். அது சேர்க்க மட்டுமே செய்யும்.

2775-இல் முதலில் வரும் 2 செட்ஜிஐடி பிட். உள்ளே புதிதாகப் பிறக்கும் எதுவும் உருவாக்கியவரின் முதன்மைக் குரூப்பை எடுக்காமல் ஃபோல்டரின் குரூப்பை எடுக்கும். துணை ஃபோல்டர்களுக்கு அந்த பிட்டும் சேர்ந்தே இறங்கும். ஏற்கெனவே உள்ளே கோப்புகள் இருந்தால் ஃபைண்ட் கட்டளையில் -டைப் டி என்று ஃபோல்டர்களுக்கு 2775, -டைப் எஃப் என்று கோப்புகளுக்கு 664 எனப் பிரித்துக் கொடுங்கள். ரெண்டையும் ஒரே வீச்சில் செய்யாதீர்கள்.

---

தட்டச்சன் எழுதியது:

செய்தேன். கெட்என்ட் குரூப் பொது என்றால் மூவர் பெயரும் வருகிறது. ஆனால் பயனர்2-இன் டெர்மினலில் ஐடி என்று தட்டினால் அந்தக் குரூப் இல்லை.

---

ஊசிமுனை எழுதியது:

குரூப் பட்டியல் லாகின் ஆகும் நேரத்தில்தான் படிக்கப்படுகிறது, ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகளுக்குப் பின்னால் போய் ஒட்டாது. டெர்மினல் சாளரத்தை மூடித் திறந்தால் போதாது, முழுசாக லாக்அவுட் செய்ய வேண்டும். சில டெஸ்க்டாப்களில் டெர்மினலையே சிஸ்டம்டியின் (சேவைகளை நடத்தும் அமைப்பு) பயனர் மேலாளர்தான் தொடக்குகிறது. லாக்அவுட் ஆன பின்னும் அது சில நொடிகள் உயிரோடு இருக்கும், உடனே லாகின் செய்தால் பழைய பட்டியலே வரும். சந்தேகம் இருந்தால் லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் பயனர்2, அல்லது ஒரு ரீபூட். நியூஜிஆர்பி பொது அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும் வேலை செய்யும்.

---

தட்டச்சன் எழுதியது:

இப்போது மூவரும் எழுத முடிகிறது. ஆனால் வேகவழிக்குச் சொன்ன அதே சிக்கல் இங்கேயும். பயனர்1 உருவாக்கிய கோப்பை எல்எஸ் -எல் இப்படிக் காட்டுகிறது: ஆர்டபிள்யூ-ஆர்--ஆர்--, பயனர்1, பொது. குரூப் சரி, ஆனால் குரூப்புக்கு எழுதும் உரிமை இல்லை. பயனர்2 திறந்தால் "படிக்க மட்டும்".

---

வெண்பனி எழுதியது:

செட்ஜிஐடி குரூப்பைத்தான் கடத்தும், அனுமதியைக் கடத்தாது. கோப்பை உருவாக்கும் நிரல் வழக்கமாக 666 கேட்கும், அதிலிருந்து யூமாஸ்க் 022-ஐக் கழித்தால் 644. யூமாஸ்க்கை 002 ஆக்கினால் 664 கிடைக்கும்.

எங்கே ஆக்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். .பாஷ்ஆர்சி-யில் எழுதினால் டெர்மினலிலிருந்து தொடங்கும் நிரல்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். கோப்பு மேலாளர், உலாவி, அலுவலகத் தொகுப்பு எதுவும் அந்தக் கோப்பைப் படிக்காது. பேம்_யூமாஸ்க் (லாகின் நேரத்தில் யூமாஸ்க்கை அமைக்கும் தொகுதி) வழியாக எல்லா லாகினுக்கும் பொருந்தும்படி வைக்க வேண்டும். சில லினக்ஸ் விநியோகங்களில் ஏற்கெனவே 002-தான் இருக்கும், முதலில் யூமாஸ்க் என்று தட்டிப் பாருங்கள்.

---

மூன்றாம்பிட் எழுதியது:

யூமாஸ்க் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பார்ட்டிஷனுக்காகப் பயனரின் எல்லாக் கோப்புகளுக்குமான விதியை மாற்றுவது அது. ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிலேயே தனிக் குரூப் தரும் விநியோகம் என்றால் ஆபத்தில்லை. எல்லாருக்கும் முதன்மைக் குரூப் யூசர்ஸ் என்று வைக்கும் விநியோகத்தில் 002 போட்டால் ஹோம் ஃபோல்டரில் பிறக்கும் கோப்புகளும் எல்லாருக்கும் எழுதத் திறந்துவிடும்.

அனுமதி பார்ட்டிஷனோடு இருக்க வேண்டும் என்றால் டிஃபால்ட் ஏசிஎல்தான் (ஃபோல்டரிலிருந்து புதிய கோப்புகளுக்கு இறங்கும் கூடுதல் அனுமதிப் பட்டியல்) வழி:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -எம் ஜி:பொது:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது
சூடோ செட்எஃப்ஏசிஎல் -ஆர் -டி -எம் ஜி:பொது:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது

இதில் -ஆர் பெரிய எழுத்து. அனுமதியில் வரும் எக்ஸும் பெரிய எழுத்து, அது ஃபோல்டர்களுக்கு மட்டும் நுழையும் உரிமை தரும், சாதாரணக் கோப்புகளை இயக்கக்கூடியதாக்காது. முதல் வரி இப்போது இருப்பவற்றுக்கு, இரண்டாவது இனி பிறக்கப்போவதற்கு. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு "பாதிதான் வேலை செய்கிறது" என்பவர்கள் அநேகம். எக்ஸ்ட்4-இல் ஏசிஎல் இப்போதெல்லாம் இயல்பாகவே இயங்குகிறது, எஃப்எஸ்டேப்பில் தனியாக எழுத வேண்டியதில்லை. கட்டளை இல்லையென்றால் ஏசிஎல் என்ற தொகுப்பை நிறுவுங்கள்.

முக்கியமான விஷயம்: தாய் ஃபோல்டரில் டிஃபால்ட் ஏசிஎல் இருந்தால் கர்னல் யூமாஸ்க்கைப் பார்ப்பதே இல்லை. 022 வைத்திருக்கும் பயனர் உருவாக்கினாலும் குரூப்புக்கு எழுதும் உரிமை கிடைக்கும்.

---

தட்டச்சன் எழுதியது:

அருமை, புதிய கோப்புகள் சரியாக வருகின்றன. ஆனால் பயனர்1 ஹோமிலிருந்து நகலெடுத்த ஒரு கோப்பு மட்டும் இன்னும் திறக்கவில்லை. கெட்எஃப்ஏசிஎல் தருவது:

யூசர்::ஆர்டபிள்யூ-
குரூப்::ஆர்-எக்ஸ் #எஃபெக்டிவ்:---
குரூப்:பொது:ஆர்டபிள்யூஎக்ஸ் #எஃபெக்டிவ்:---
மாஸ்க்::---
அதர்::---

பொது குரூப்புக்கு மூன்று உரிமையும் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது!

---

மூன்றாம்பிட் எழுதியது:

பக்கத்தில் எஃபெக்டிவ் என்று எழுதியிருப்பதுதான் உண்மையில் கிடைக்கும் உரிமை. மாஸ்க் என்பது உச்சவரம்பு. பெயர் சொல்லிக் கொடுத்த பயனர், குரூப் எல்லாருக்கும் அந்த வரம்புக்குள் இருப்பதுதான் கிடைக்கும். மூலக்கோப்பு 600 ஆக இருந்திருக்கும். நகலெடுக்கும் சிபி கட்டளை புதிய கோப்பை அதே 600 கேட்டு உருவாக்குகிறது. கேட்ட அனுமதியின் நடு இலக்கம் மாஸ்க்காகிறது, அது பூஜ்யம், கதவு மூடிவிட்டது.

ஏசிஎல் உள்ள கோப்பில் எல்எஸ் காட்டும் நடு மூன்று எழுத்துகள் குரூப் அனுமதி அல்ல, மாஸ்க். வலக்கோடியில் + குறி இருந்தால் இதை நினைவில் வையுங்கள். அதனால் மருந்தும் எளிது: கோப்பின் உரிமையாளர் சிஎச்மாட் ஜி+ஆர்டபிள்யூ கோப்புப்பெயர் என்று போட்டால் மாஸ்க் உயர்ந்துவிடும். பாதுகாப்புக்காகத் தற்காலிகக் கோப்பை 600-இல் எழுதி, பிறகு பெயர் மாற்றிச் சேமிக்கும் நிரல்களிலும் இதே நிலைதான்.

---

பழையகர்னல் எழுதியது:

சிபி-யாவது பரவாயில்லை, எம்வி (இடம் மாற்றும் கட்டளை) இன்னும் மோசம். அதே பார்ட்டிஷனுக்குள் எம்வி செய்தால் நடப்பது வெறும் பெயர் மாற்றம். செட்ஜிஐடியும் டிஃபால்ட் ஏசிஎல்லும் எட்டிக்கூடப் பார்க்காது. வேறு பார்ட்டிஷனிலிருந்து எம்வி செய்தால் நகலெடுத்து, பழைய குரூப்பையும் அனுமதியையும் மேலே மறுபடி பூசிவிடும். நகலெடுக்கும் கட்டளைகளான ஆர்சிங்க் -ஏ, சிபி -பி இரண்டும் அப்படியே. ஆர்சிங்க்கில் --நோ-பெர்ம்ஸ், --நோ-குரூப் சேர்த்தால் பொது ஃபோல்டரின் விதிப்படி இறங்கும்.

"யார் எப்படிக் கொண்டு வந்து போட்டாலும் சரியாக இருக்க வேண்டும்" என்றால் ஏசிஎல்லால் முடியாது. அதற்கு பைண்ட்எஃப்எஸ் இருக்கிறது. உண்மைப் பார்ட்டிஷனை ரூட்டுக்கு மட்டும் தெரியும் இடத்தில் மவுண்ட் செய்து, அதன் இன்னொரு தோற்றத்தை --ஃபோர்ஸ்-குரூப்=பொது, --பெர்ம்ஸ்=ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ் (இங்கேயும் பெரிய எக்ஸ்தான்) என்று பயனர்களுக்குக் காட்டலாம். ஃபியூஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும் கோப்பு முறைமை) வழி என்பதால் சிறுசிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் மந்தமாகும். படம், பாட்டு, ஆவணத்துக்குத் தாராளம். மென்பொருள் பில்ட் செய்யும் இடத்துக்கு வைக்க வேண்டாம்.

---

இரட்டைப்பூட் எழுதியது:

என் பொதுப் பார்ட்டிஷன் என்டிஎஃப்எஸ், விண்டோஸுக்கும் வேண்டும். சிஎச்மாட் போட்டால் பிழையும் வரவில்லை, மாற்றமும் இல்லை. நேற்றிலிருந்து படிக்க மட்டும்தான் முடிகிறது.

---

வெண்பனி எழுதியது:

இரண்டு தனிப் பிரச்சினைகள்.

சிஎச்மாட் பேசாமல் இருப்பது என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவரின் இயல்பு, சைலன்ட் விருப்பம் தானாகவே இயங்குகிறது. இங்கே எஃப்எஸ்டேப்பில்தான் சொல்ல வேண்டும்: யூஐடி=1000,ஜிஐடி=1500,டிமாஸ்க்=002,எஃப்மாஸ்க்=113. ஃபோல்டர்கள் 775, கோப்புகள் 664 என வரும். வெறும் யூமாஸ்க்=000 வேண்டாம், எல்லாக் கோப்பும் இயக்கக்கூடியதாகிவிடும். கர்னல் 5.15-இல் வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவருக்கும் இந்த நான்கு விருப்பங்கள் உண்டு. இதில் ஏசிஎல், செட்ஜிஐடி பேச்செல்லாம் தேவையே இல்லை, எல்லாக் கோப்புக்கும் ஒரே விதி.

படிக்க மட்டும் என்பது விண்டோஸின் வேகத் தொடக்கம். ஷட்டவுன் என்று நினைத்தது பாதி உறக்கம், பார்ட்டிஷன் இன்னும் விண்டோஸின் கையில் இருக்கிறது. விண்டோஸில் நிர்வாகி கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் போட்டு, முறையாக அணைத்துவிட்டு வாருங்கள். வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் விருப்பங்களைத் தொடாதீர்கள், தரவு போகும்.

இன்னொன்று. என்டிஎஃப்எஸ்ஸில் பெயர் நீளம் 255 எழுத்தலகு, எக்ஸ்ட்4-இல் 255 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், "கு" போன்ற உயிர்மெய் 6 பைட். ஆக 85 குறிதான் தாங்கும். நீளமான தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளை எக்ஸ்ட்4-க்கு நகலெடுக்கும்போது "பெயர் மிக நீளம்" என்று நிற்பது இதனால்தான், அனுமதிப் பிழை அல்ல.

---

தட்டச்சன் எழுதியது:

ஒருவர் கோப்பை மற்றவர் திருத்தலாம், ஆனால் அழிக்கக் கூடாது. முடியுமா?

---

ஊசிமுனை எழுதியது:

அழிப்பது கோப்பின் அனுமதி சார்ந்ததல்ல, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதி சார்ந்தது. ஸ்டிக்கி பிட் சேருங்கள்: 3775. அதன்பின் கோப்பின் உரிமையாளர், ஃபோல்டரின் உரிமையாளர், ரூட் மூவர் மட்டுமே அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியும். இது துணை ஃபோல்டர்களுக்கு இறங்காது, தனித்தனியாகப் போட வேண்டும்.

ஆனால் இதில் இரண்டு முட்கள். தற்காலிகக் கோப்பு எழுதிப் பெயர் மாற்றிச் சேமிக்கும் எடிட்டர்கள் அடுத்தவர் கோப்பில் தோற்கும். அடுத்தது, எஃப்எஸ்.புரொடெக்டட்_ரெகுலர் என்ற கர்னல் அமைப்பு 2 ஆக இருந்தால், குரூப் எழுதக்கூடிய ஸ்டிக்கி ஃபோல்டரில் இன்னொருவர் கோப்பில் ஷெல்லின் >> (கோப்பின் கடைசியில் சேர்க்கும் குறி) கூட மறுக்கப்படும், கோப்பு 664 ஆக இருந்தாலும். 1 என்றால் 1777 போன்ற எல்லாரும் எழுதும் ஃபோல்டர்களில் மட்டும் இந்தத் தடை. ரூட்டுக்கும் விலக்கில்லை என்பதால் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். உண்மையில் திருத்தவும் வேண்டும் என்றால் ஸ்டிக்கியை விட்டுவிட்டு பேக்கப் வையுங்கள்.

---

பழையகர்னல் எழுதியது:

எஃப்எஸ்டேப் வரியை இன்னும் யாரும் முழுசாக எழுதவில்லையே:

யூயூஐடி=... /எஸ்ஆர்வி/பொது எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

யூயூஐடியை (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டும். எஸ்டிபி1 என்று பெயரால் எழுதினால் இன்னொரு வட்டு செருகிய நாளில் பெயர் இடம் மாறும். நோஃபெயில் இல்லாமல், வட்டும் கிடைக்காவிட்டால் பூட் 90 நொடி காத்திருந்து அவசர முறையில் போய் நிற்கும். எழுதியவுடன் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை, பிறகு சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், பிறகு மவுண்ட் -ஏ. ரீபூட் செய்து சோதிப்பது கடைசி.

கோப்பு மேலாளரில் சொடுக்கி மவுண்ட் செய்வது பொதுப் பார்ட்டிஷனுக்கு ஆகாது. பின்னணியில் மவுண்ட் செய்யும் யூடிஸ்க்ஸ் சேவை அதை /ரன்/மீடியா அல்லது /மீடியாவுக்குள், சொடுக்கியவர் பெயரிலான ஃபோல்டரின்கீழ் வைக்கும். அந்த ஃபோல்டருக்குள் மற்றவர்கள் நுழையவே முடியாது. யாருடைய ஹோமுக்குள்ளாவது மவுண்ட் செய்தாலும் அதே கதி. எந்தப் படியில் வழி அடைபட்டிருக்கிறது என்று பார்க்க நேமி -எல் முழுப்பாதை. ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியும் வரிவரியாக வரும். நுழையும் எக்ஸ் இல்லாத வரிதான் குற்றவாளி.

இதே வட்டை இரண்டு விநியோகங்களில் மாற்றி மாற்றி பூட் செய்கிறவர்கள் கவனிக்க: வட்டில் இருப்பது எண் மட்டுமே, பெயர் அல்ல. மூன்றாம்பிட் 1500 என்று எண் கொடுத்தது வீணில்லை. இரண்டு பக்கமும் அதே எண்ணில் குரூப்பை உருவாக்கினால் பயனர் எண்கள் வேறாக இருந்தாலும் சிக்கல் வராது.

---

தட்டச்சன் எழுதியது:

நேமி கட்டளைக்கு நன்றி ஐயா. 2775-உம் டிஃபால்ட் ஏசிஎல்லும் வைத்துக்கொண்டேன், ஸ்டிக்கி வேண்டாம். ஒரு சின்னக் கேள்வி: டிஎஃப் (வட்டில் மிச்ச இடத்தைக் காட்டும் கட்டளை) கணக்கில் மொத்தத்திலிருந்து பயன்படுத்தியதைக் கழித்தால் வருவதைவிட மிச்சம் 25 ஜிபி குறைவாகக் காட்டுகிறதே?

---

மூன்றாம்பிட் எழுதியது:

எக்ஸ்ட்4 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும், 500-இல் 25. சாதாரணப் பயனர்களுக்கு "இடமில்லை" என்று வந்த பிறகும் ரூட் எழுத முடிவது அதனால்தான். இயங்குதளம் இல்லாத, தரவு மட்டும் வைக்கும் பார்ட்டிஷனுக்கு அவ்வளவு தேவையில்லை. சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1, பின்னால் பார்ட்டிஷனின் பெயர். எம் சிறிய எழுத்து. மவுண்ட் ஆகியிருக்கும்போதே செய்யலாம்.

அந்தப் பார்ட்டிஷனில் கிட் (நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கருவி) களஞ்சியம் வைப்பீர்கள் என்றால், உரிமையாளர் வேறு என்று 2.35.2 பதிப்பு முதல் கிட் மறுக்கும். அனுமதியை மறுபடி நோண்டாமல் ஒவ்வொரு பயனரும் சேஃப்.டைரக்டரியில் அந்தப் பாதையைச் சேர்த்துக்கொள்ளட்டும். களஞ்சியத்தில் கோர்.ஷேர்ட்ரெபாசிட்டரி=குரூப் என்றும் வையுங்கள்.